ஓர் ஏக்கர் விடுதலை

சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1950இல் திருமணம் செய்துகொண்டார்கள். அடிமை நாட்டில் கல்யாணம் கிடையாது, விடுதலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்திருந்த முடிவு அது. நாட்டுக்காகக் காதலைத் தியாகம் செய்த இணை என்று இவர்களைப் புகழ்வது எளிது, கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இவர்கள் காதலைத் தியாகம் செய்யவில்லை. காத்திருந்தார்கள், பிறகு மணந்தார்கள், அறுபது ஆண்டுக்கு மேல் சேர்ந்தே வேலை செய்தார்கள். தியாகம் என்ற சொல்லுக்கு இவர்கள் வாழ்க்கையில் ஏதாவது பொருள் உண்டென்றால் அதைத் திருமணத்துக்குப் பிந்தைய காலத்தில்தான் தேட வேண்டும். அங்கே தேடினால் கிடைப்பது கொஞ்சம் சங்கடமான விடை. காந்திய மரபு போற்றிய துறவு என்ற லட்சியத்தை இந்தத் திருமணமே மெல்ல மெல்லக் கவிழ்த்துப்போட்டது என்பது என் வாசிப்பு.

ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. காந்தியின் அழைப்பைக் கேட்டு 1930இல் கல்லூரிப் படிப்பை விட்டார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இறங்கி சில ஆண்டு சிறையில் இருந்தார். கிருஷ்ணம்மாள் 1926இல், பட்டிவீரன்பட்டிப் பக்கம், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் நாகம்மாள் நிறைமாதத்திலும் கூலி வேலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் அந்தக் காலத்தில் கல்லூரிப் படி ஏறியது சாதாரணமில்லை. அதற்கு மதுரையில் டாக்டர் டி. எஸ். சௌந்தரத்தின் கை பக்கபலமாக இருந்தது.

ஒருவர் கல்லூரியை விட்டு வெளியே வந்து காந்தியவாதி ஆனார். மற்றவர் கல்லூரிக்குள் போய்க் காந்தியவாதி ஆனார். காந்திய இயக்கத்தில் விட்டுவந்தவற்றின் பட்டியலுக்குத் தனி மரியாதை உண்டு. படிப்பை விட்டார், சொத்தை விட்டார், வக்கீல் தொழிலை விட்டார் என்று சொல்லித்தான் ஒரு தொண்டரை அறிமுகப்படுத்துவார்கள். கிருஷ்ணம்மாளிடம் அப்படி விடுவதற்கு என்ன இருந்தது? எளிமையாக வாழ அவர் ஆசிரமத்துக்கு வர வேண்டியதில்லை. பிறந்ததே எளிமைக்கும் கீழே. துறப்பதற்கும் முதல் வேண்டும். அது இல்லாதவரிடம் போய்த் தியாகத்தின் பெருமையைப் பேசுவது, பேசுகிறவருக்குத் தெரியாமலே, கொஞ்சம் குரூரமான காரியம்.

காத்திருப்பு பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். காதலைக் காக்கவைத்துச் சோதிப்பது காந்திய வட்டாரத்தில் புதிதில்லை. சௌந்தரத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், இளம் வயதில் கணவனை இழந்தவர், மருத்துவம் படித்தவர். கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். விதவை மறுமணம், அதிலும் சாதி தாண்டிய மணம். வீட்டில் சம்மதமில்லை. விஷயம் காந்தியிடம் போனபோது, ஓராண்டு இருவரும் பார்க்கவோ கடிதம் எழுதவோ கூடாது, அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் மணந்துகொள்ளுங்கள் என்றார் அவர். மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது. பின்னாளில் இருவரும் சேர்ந்து நிறுவியதுதான் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம்.

இந்த ஓராண்டுச் சோதனையை நான் ரசிக்கவில்லை. வயது வந்த, படித்த இரண்டு பேரின் விருப்பத்துக்கு மூன்றாமவர் ஏன் கெடு வைக்க வேண்டும்? ஆனால் அந்த ஏற்பாட்டில் வேறொன்றும் இருக்கிறது. வீட்டைத் திரும்பிப் பார்க்க முடியாத ஒரு பெண்ணுக்கு, கெடு முடிந்ததும் பக்கத்தில் நிற்க ஓர் இயக்கமே இருந்தது. சாதி தாண்டிக் காதலித்தவர்கள் இன்றைக்கும் தமிழ்நாட்டில் காவல் நிலைய வாசலில் பாதுகாப்பு கேட்டு நிற்கிறார்கள் என்பதை நினைத்தால், அப்படியொரு இயக்கம் பின்னால் இருந்ததன் மதிப்பு புரியும். ஜெகந்நாதன்–கிருஷ்ணம்மாள் திருமணமும் அதே கூரையின் கீழ்தான் சாத்தியமானது. வசதியான வீட்டுப் பையன், நிலமற்ற தலித் வீட்டுப் பெண். இதில் காதல் எவ்வளவு, கொள்கை எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறவர்கள் உண்டு. பிரிக்க முடியாது. கொள்கை மட்டுமே இருந்திருந்தால் அது தாலி கட்டியதும் நிறைவேறி முடிந்திருக்கும். அறுபது ஆண்டு நீடிப்பதற்கு அது போதாது.

மணமான சூட்டோடு பிரிவு வந்தது. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே நிலமற்றவர்களுக்காக நிலம் கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் 100 ஏக்கர் தருவதாக எழுந்து நின்றார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. ஜெகந்நாதன் வினோபாவோடு வடக்கே நடக்கப் போய்விட்டார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். இதைக் கணவனின் லட்சியத்துக்காக மனைவி செய்த தியாகம் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தப் பயிற்சி முக்கியமாகப் படுகிறது. கூடவே நடந்து போகாமல் கையில் ஒரு தொழிலோடு நின்ற பெண் அவர். கணவர் திரும்பிய பிறகு இருவரும் தமிழ்நாட்டில் பூதானம், கிராமதானம் என்று ஊர் ஊராக அலைந்தார்கள்.

பூதானத்தில் நாயகன் யார் என்று கவனித்தால் ஒன்று தெரியும். அதன் நாயகன் கொடுக்கிறவன். மிராசுதாரின் மனம் கனிவது, கண் கலங்கிப் பத்திரத்தில் ஒப்பமிடுவது, அதுதான் நாடகத்தின் உச்சம். வாங்குகிறவன் ஓரத்தில் கைகட்டி நிற்பான். நாடெங்கும் தானமாக எழுதப்பட்ட நிலம் 40 லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் கணிசமான பகுதி யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. கல்லும் கரடுமாக இருந்த நிலம், வழக்கில் கிடந்த நிலம், அப்பா கொடுத்ததை மகன் திரும்பப் பிடித்துக்கொண்ட நிலம் என்று காரணங்கள் பல. கொடுத்தவரின் தியாகம் மேடையிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்க வேண்டிய அளவை, பட்டா மாற்றம், தண்ணீர் இவற்றைக் கவனிக்க ஆளில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி நடந்தது. கீழத் தஞ்சையில் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறு; செங்கொடிச் சங்கத்தை விட்டு வெளியே வா என்று மிராசுதார்கள் கொடுத்த நெருக்கடி; கடைசியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்பட 44 பேர் தீக்கிரை. நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் தண்டித்த மிராசுதாரையும் மற்றவர்களையும் உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற தொனியில் அமைந்த தர்க்கம் அந்தத் தீர்ப்பில் உண்டு. தமிழக நீதி வரலாற்றில் அதைப்போல வெட்கப்பட வேண்டிய வாதம் குறைவு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத் தஞ்சைக்கே வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு முன்பே வேலை செய்தவர்கள் கம்யூனிஸ்டுகள். தலைவர் பி. சீனிவாச ராவ் காலத்திலிருந்து சாணிப்பால், சவுக்கடி என்ற தண்டனைகளுக்கு எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டியது அவர்கள்தான். 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னால் அந்த அழுத்தம் இருந்தது. இவர்களைப் போன்ற சர்வோதயத்தார் பிந்தி வந்தவர்கள். இதைச் சொல்லாமல் இவர்கள் கதையை எழுதுவது நியாயமில்லை.

பூதானக் கனவு இந்த மண்ணில் செல்லவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970இல் 15 ஆகக் குறைந்தது. ஆனால் பினாமி பெயரிலும் அறக்கட்டளை பெயரிலும் நிலம் பத்திரமாக ஒளிந்திருந்தது. கோயில் நிலத்தையும் அறக்கட்டளை நிலத்தையும் குறிவைத்து வலிவலம் போன்ற இடங்களில் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள், சிறைக்கும் போனார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் அழைத்தபோது ஜெகந்நாதன் பீகார் வரை போய்ப் புத்த கயா மடத்தின் நிலத்துக்காக நின்றார். கேட்டுப் பார்த்தாயிற்று, போராடியும் பார்த்தாயிற்று. 1981இல் வேறொரு வழி பிறந்தது: விலைக்கு வாங்குவது.

அந்த ஆண்டில் தொடங்கிய அமைப்பின் பெயர் உழுபவனின் நில உரிமை இயக்கம், ஆங்கிலச் சுருக்கத்தில் ‘லாஃப்டி’. நாகைப் பக்கம் கூத்தூர் அதன் இருப்பிடம். வேலை முறை எளிமையாகச் சொன்னால் இப்படி: நிலத்தை விற்கும் மனநிலையில் இருக்கும் மிராசுதாரையும், அதில் காலங்காலமாக நடவும் அறுப்பும் செய்துவரும் குடும்பங்களையும் எதிரெதிரே உட்காரவைப்பது, நியாயமான விலையைப் பேசி முடிப்பது, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது, விளைச்சலிலிருந்து தவணை கட்டவைப்பது. சொல்வது எளிது. வங்கிகள் முதலில் கதவைத் திறக்கவில்லை. ஈடு காட்டச் சொத்தில்லாதவருக்குச் சொத்து வாங்கவே கடன் கொடுப்பதா என்பது அவர்கள் பக்கக் கேள்வி. முத்திரைத்தாள் செலவு வேறு மலைபோல் நின்றது.

பூதானத்தில் காணாத ஓர் ஆள் இங்கே மேடைக்கு வருகிறார். பேரம் பேசுகிற கூலிக்காரப் பெண். வில்லங்கம் பார்க்க வேண்டும், எல்லைக்கல் எங்கே என்று கேட்க வேண்டும், வாய்க்கால் பங்கு யாருக்கு என்று எழுத வேண்டும், சார் பதிவாளர் அலுவலகத்தில் முறை வரும்வரை திண்ணையில் உட்கார வேண்டும், இடது கட்டை விரலில் மை தடவிக் கிரயப் பத்திரத்தில் உருட்டிப் பதிக்க வேண்டும். முதல் நாள் வரை யாருடைய வரப்பில் நிமிர்ந்து நடக்கக் கூடாதோ அவருடைய கையெழுத்துக்குக் கீழே இந்தக் கைநாட்டு விழும். ஒருவர் விற்றவர், மற்றவர் வாங்கியவர். மனம் கனிய வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. நன்றி சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தானமாக வந்த நிலம் கூடவே ஒரு குனிவையும் கொண்டுவரும். கடன் கட்டி வாங்கிய நிலத்தில் அது கிடையாது.

நிலம் பெண்கள் பெயரிலேயே பதிவானது, ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆண் பெயரில் எழுதினால் குடிக்கும் கடனுக்கும் போய்விடும் என்பது சொல்லப்படும் காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். நாகம்மாளின் மகள் எடுத்த முடிவு இது. நிறைமாதத்தில் கூலிக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் ஒரு பெண் பெயரில் என்ன இருக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். 2007 வாக்கில் இப்படிக் கைமாறிய நிலம் சுமார் 13,000 ஏக்கர், குடும்பங்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை.

ஓர் ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா? முடியாது. காவிரியில் தண்ணீர் வந்தால் ஒரு போகமோ இரண்டோ; வராவிட்டால் அதுவும் இல்லை. லாஃப்டியும் அதை அறிந்துதான் பாய் முடைதல், தையல், தச்சு, கொத்து வேலை என்று ஓய்ந்த மாதங்களுக்குப் பயிற்சி வைத்தது. ஓர் ஏக்கர் கொடுப்பது வேறொன்றை. நாளைக்கு நடவுக்கு வா என்று ஆள் வந்து நிற்கும்போது, என் வயலில் வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லும் உரிமையை. அறுப்புக் காலத்தில் அந்த ஒரு வாக்கியம் கூலியை ஏற்றும். வீட்டில் சாப்பாட்டுக்கு நெல் இருக்கிறவர்தான் வேலைநிறுத்தத்தில் பத்து நாள் தாங்குவார். விடுதலை என்று பெரிய எழுத்தில் எழுதுவதை வயல்வெளியில் அளந்து பார்த்தால் இந்த மறுக்கும் உரிமையாகத்தான் கிடைக்கிறது. ஜெகந்நாதன் எந்த விடுதலைக்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தாரோ அந்த விடுதலை இந்த வயல்களுக்கு 1947இல் வந்து சேரவில்லை.

இந்தத் திருமணம் துறவு லட்சியத்தைக் கவிழ்த்துப்போட்டது என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான். ஜெகந்நாதன் சொத்தை விடுவதில் விடுதலை கண்டவர். கிருஷ்ணம்மாள் சொத்து கையில் வருவதில் விடுதலை இருப்பதை அறிந்தவர். துறவைப் பெருமையாக நினைத்த மனிதர், தன் முதுமையில், ஆயிரக்கணக்கான பெண்களைச் சொத்துக்காரர்களாக்கும் வேலைக்குத் துணை நின்றார். இந்த மாற்றத்தை அவர் இப்படி விளக்கினார் என்று நான் சொல்லவரவில்லை. செய்த காரியங்களின் வரிசையைப் பார்த்தால் இப்படித்தான் படிக்க முடிகிறது.

வாங்கிய நிலத்துக்கு அடுத்த சோதனை கடல் பக்கமிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் நாகைக் கரையோரத்தில் டைகர் இறால் பண்ணைகள் முளைத்தன. நல்ல விலைக்கு நிலம் கேட்டு ஆள் வந்தார்கள். குளம் வெட்டிக் கடல் நீரை ஏற்றினார்கள். தீவனமும் மருந்தும் கலந்த கழிவு நீரை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். பக்கத்து வயலில் உப்புப் பூத்தது, குடிநீர்க் கிணறு கரித்தது. வேலையும் போனது: நெல்வயலுக்கு நடவு, களை, அறுப்பு என்று ஊரே வேண்டும், இறால் குளத்துக்குக் காவலுக்கு இரண்டு பேர் போதும். சத்தியாக்கிரகம் நடத்தியவர்களை அடியாட்கள் தாக்கினார்கள், வீடுகள் எரிந்தன, பொய் வழக்குகள் விழுந்தன.

முதிர்ந்த வயதில் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் ‘நீரி’ என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்திடம் அறிக்கை கேட்டது. இறாலில் வரும் வருமானத்தைவிட அழியும் வளத்தின் மதிப்பு அதிகம் என்றது அறிக்கை. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் தீர்ப்புச் சொன்னார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் இறுதிக்குள் அகற்ற வேண்டும், கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும், வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டு ஊதியத்தையும் இழப்பீடாகத் தர வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு, ‘எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்’.

வெற்றிக் கதையாக இதை இங்கேயே நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் பொய்யாகிவிடும். தீர்ப்பைச் செயல்படுத்துவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து இறால் பண்ணைகளுக்கு அனுமதிக் கதவைத் திறந்தது. பண்ணைகளைப் பெரிதாக ஆட்டிப்படைத்தது தீர்ப்புக்கு முன்பே, 1994–95இல் பரவிய வெள்ளைப்புள்ளி நோய். தீர்ப்பு செய்யாததை ஒரு வைரஸ் செய்திருந்தது. இப்படி ஒரு முடிவுக்குப் பிறகும் அடுத்த வேலைக்குப் போகிறவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறார்கள். கண்ணை மூடிக்கொள், உள்ளே தேடு என்கிறார்கள். இந்த இருவரும் உள்ளே தேடி எடுத்ததாகத் தெரியவில்லை. பூதானம் பாதியில் நின்றது, சத்தியாக்கிரகம் சில இடத்தில் பலித்தது, சில இடத்தில் பலிக்கவில்லை, கடன் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் தோற்ற இடம் எதுவென்று பார்த்து வழியை மாற்றினார்கள். நிலமில்லாதவர் கையில் நிலம் என்ற ஒன்றை மட்டும் மாற்றவில்லை. 2008இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வந்தது. 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் மறைந்தார். மண்குடிசைகளுக்குப் பதில் கல்வீடு என்ற வேலையைக் கிருஷ்ணம்மாள் தொடர்ந்தார். 2020இல் பத்மபூஷண் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இடதுசாரிகள் வைக்கும் ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. உச்சவரம்புச் சட்டத்தை ஏமாற்றி வைத்திருந்த நிலத்துக்கு, அதே மிராசுதாருக்கு, பாடுபட்டவளே வட்டியோடு விலை கொடுப்பதா? தலைமுறை தலைமுறையாக அந்த விலையை உழைப்பால் கொடுத்து முடித்தவள்தானே? தர்க்கம் சரி. ஆனால் சட்டம் வந்து இருபது ஆண்டு, கீழ்வெண்மணித் தீர்ப்பு வந்து எட்டு ஆண்டு ஆன பிறகு, 1981இல், இன்னும் பொறுத்திரு என்று அவளிடம் யார் சொல்ல முடியும்? அநியாய விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். வாங்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். வாங்கிய அளவு டெல்டாவின் பரப்புக்கு முன்னால் சிறியது என்பதும் உண்மை.

1980களில் கைநாட்டு வைத்த பெண்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பங்கு பிரிக்கும் வயதில் இருப்பார்கள். ஏக்கருக்கு 100 சென்ட். மூன்று பிள்ளை என்றால் தலைக்கு 33. வாரிசுச் சட்டப்படி அம்மா பெயரில் உள்ள சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பாத்தியதை. அந்த 13,000 ஏக்கரில் எத்தனை ஏக்கர் இன்னும் பெண்கள் பெயரில் இருக்கிறது, எத்தனை மகள்களின் பெயர் பட்டாவில் ஏறியிருக்கிறது, எவ்வளவு விற்றுப்போனது என்பதைச் சிட்டாவும் அடங்கலும் பார்த்து ஊர் ஊராகக் கணக்கெடுக்க வேண்டும். இயக்கத்தின் பாதி வரலாறு அந்த ஏடுகளில்தான் இருக்கிறது.